நூற்றைம்பது கட்டைகள்

கமலாக்ஷி டீச்சர் பெட்டியைக் கவிழ்த்ததும் ஓட்டின் மேல் பெருமழை இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. அறுநூறு பிளாஸ்டிக் கட்டைகள் மேசையில் கொட்டிச் சிதறின, நாலைந்து தரையிலும் விழுந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. ஒவ்வொன்றின் தலையிலும் எட்டுக் குமிழ். ஆறாம் வகுப்பு மொத்தமும் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டது. முன்வரிசையில் நின்ற ஜுமைலாவுக்குக் கை குறுகுறுத்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கையை அவிழ்த்துவிட்டால் அது தன் பேச்சைக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கட்டைகளை அவள் ஏற்கெனவே ஒருமுறை தொட்டிருக்கிறாள். துபாயில் வேலை பார்க்கும் அப்துல் நாசரின் வீட்டுக்குப் போன பெருநாளுக்கு உம்மாவோடு போயிருந்தபோது, நாசரின் மகள் தரையில் பரப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஜுமைலா இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றன் மேல் ஒன்று வைத்து அழுத்தினாள். டிக் என்று பிடித்துக்கொண்டது. அதற்குள் அந்த வீட்டம்மா வந்து, “வச்சிடு மோளே, ஒண்ணு போனா செட்டு போச்சு” என்று வாங்கி வைத்துவிட்டாள். அந்த டிக் அதன் பிறகு ஜுமைலாவின் விரல் நுனியிலேயே தங்கிவிட்டது. சோறு பிசையும்போதுகூட அது ஞாபகம் வரும். இப்போது அதே நாசர், தான் படித்த பள்ளிக்கூடம் என்று ஒரு புதுப் பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். எழுபத்தொன்பதாம் வருஷத்து டிசம்பர் அது. வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ் லீவு விடப் போகிறார்கள்.

“ரெண்டு பெஞ்சு. நடுவுல ஒரு அடியும் நாலு விரலும் இடம். அதுக்கு மேல ஒரு பாலம் கெட்டணும்” என்றார் டீச்சர். அவர் மலையாளி. தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் உள்ள வகுப்பு என்பதால் தமிழும் மலையாளமும் கலந்த ஒன்றைப் பேசுவார், அது எல்லோருக்கும் புரியும். “தரையில தூண் நிறுத்தக் கூடாது. ஒரு டீமுக்கு நூத்தம்பது கட்டை. நூத்தம்பதும் பாலத்துல இருக்கணும். ஒண்ணு காணாமப் போனாலும் அந்த டீம் புறத்து, வெளிய. வெள்ளிக்கிழமை நான் மேல எடைக்கல் வைப்பேன். எந்தப் பாலம் நிக்குதோ, அந்த டீம் லீவுக்குப் பெட்டிய வீட்டுக்குக் கொண்டு போகலாம்.”

பத்து நாள் லீவு. ஜுமைலாவுக்கு மீதி எதுவும் காதில் விழவில்லை. பத்து நாளும் அறுநூறு கட்டையும் தன் வீட்டுத் தரையில் கிடப்பதை அவள் பார்த்துவிட்டாள். பள்ளிக்கு மிகப் பக்கத்தில் இருப்பது தன் வீடுதான், ஆகவே பெட்டி அங்கேதான் போயாக வேண்டும் என்று டீச்சரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட அப்போதே தயார் செய்துவிட்டாள். இனி ஜெயிக்க வேண்டியதுதான் பாக்கி.

அவளுக்கு அமைந்த குழுவைப் பார்த்தால் அந்தப் பாக்கி கொஞ்சம் பெரியதாகவே இருந்தது. முதல் ஆள் அழகர். சுமைத்தொழிலாளி வீட்டுப் பையன், எதையும் உடைத்துவிட்டுப் பிறகு யோசிப்பவன். அடுத்தவள் கங்கா, வெளி என்கிற இடத்துச் சலவைத் துறையிலிருந்து வருபவள். பேச மாட்டாள், ஆனால் அவள் போட்ட முடிச்சை அவளைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது. கடைசி ஆள் வெங்கிட்டு. கல்யாணச் சமையல்காரர் மகன், கணக்குப் புத்தகத்தின் ஓரமெல்லாம் படகு வரைகிறவன். டீச்சர் கட்டைகளைப் பங்கு போட்டதும் அவன் முதலில் கேட்டது, “பாலம்னா நடுவுல தூக்கணுமில்லே?” என்பதுதான்.

மற்ற மூவருக்கும் அது நியாயமாகவே பட்டது. அவர்களுக்குத் தெரிந்த பாலம் ஒன்றே ஒன்று, தோப்பும்படியில் காயலின் மேல் நிற்பது. பெரிய படகு வந்தால் அதன் நடுப்பகுதி மேலே போகும். அப்படி மேலே போனதை நாலு பேரும் ஆளுக்கு ஒரு முறை பார்த்திருந்தார்கள், பார்த்த நாளிலிருந்து பாலம் என்றால் அதுதான். மேலே போகாத பாலம் அவர்களைப் பொறுத்தவரை வெறும் ரோடு. ஆகவே நாலு பேரும் கட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு துண்டு கட்டினார்கள். அழகர் சிவப்பு, கங்கா மஞ்சள், வெங்கிட்டு நீலம், ஜுமைலா வெள்ளை. நடுவில் வரும் மஞ்சளையும் நீலத்தையும் தனியாக விட்டு, கங்கா தன் பின்னல் நூலைப் போட்டு இழுத்தால் மேலே தூக்குகிற மாதிரி செய்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் நூலை இழுத்ததும் பாலம் வாயைத் திறந்தது. வகுப்பே ஓடி வந்து பார்த்தது. ஜுமைலாவுக்கு நெஞ்சு விம்மிவிட்டது.

டீச்சர் அரைக் கிலோ கல்லை எடுத்து நடுவில் வைத்தார். கை எடுக்கக்கூட இல்லை. பாலம் நடுவில் பிளந்து, கல் தரையில் விழுந்து, கட்டைகள் நாலு மூலைக்கும் பறந்தன. பக்கத்து பெஞ்சில் இருந்த, சுள்ளிக்கல்லிலிருந்து வருகிற பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோப்பும்படிப் பாலத்தைத் தினமும் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். அவர்கள் கட்டிய பாலம் தூக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை, ஒரு கிலோவைச் சும்மா தாங்கி நின்றது.

நாலு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து கட்டைகளைப் பொறுக்கினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அலமாரியின் பின்னால் ஒரு வெள்ளைக் கட்டை கிடந்தது. ஜுமைலா அதை எடுத்தாள். போட்டி முடிந்தது, பெட்டி சுள்ளிக்கல்லுக்குத்தான் போகப் போகிறது, இந்த ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது. தோன்றிய அதே நிமிஷத்தில் கட்டை அவள் பென்சில் டப்பாவுக்குள் போய்விட்டது. டீச்சர் மீதியை ஒரு துணிப்பையில் போட்டு, எண்ணாமலேயே அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

புதன்கிழமை ஒரே சண்டை. தூக்குவதெல்லாம் வேண்டாம், நேராக ஒட்டிவிடலாம் என்றான் அழகர். “அப்ப படகு எப்படிடா போகும்?” என்று வெங்கிட்டு கேட்டான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

“எந்தப் படகுடா? கீழ சிமெண்டுத் தரை.”

“இன்னிக்கு சிமெண்டு” என்றான் வெங்கிட்டு.

கடைசியில் மூன்றுக்கு ஒன்று என்று முடிவாகி, நாலு நிறத் துண்டுகளையும் நேராக ஒட்டினார்கள். வெங்கிட்டு தன் நீலத் துண்டைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்த முறை பாலம் அரைக் கிலோவைத் தாங்கியது. ஒரு கிலோவுக்கு முனகியது. பிறகு மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில் சுத்தமாக விட்டுப்போய் இறங்கியது. “உன் பக்கம்தான் விட்டுச்சு” என்றான் அழகர். “என்னோடது முழுசா இருக்கு பாரு” என்றாள் கங்கா. அவள் சொன்னது உண்மைதான். நாலு துண்டும் நாலு செங்கல் மாதிரி முழுசாகக் கிடந்தன. ஒருவர் கட்டியது எதுவும் உடையவில்லை. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில்தான் உடைந்திருந்தது. அதைப் பார்த்தபடியே ஜுமைலா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அத்தாவுக்குச் சோறு கொண்டுபோவது அவள் வேலை. பள்ளிக்குப் பின்னாலேயே, கடைவீதியில், சுக்கு மூட்டைகள் அடைந்து கிடக்கும் பாண்டிகசாலையில் அவள் அத்தா முகமது இஸ்மாயில் மூட்டைகளை அட்டி போடுகிறார், வரிசை வரிசையாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்குகிற வேலை. வியாழக்கிழமை அவள் தூக்குப் பாத்திரத்தோடு உள்ளே போனபோது, அத்தா ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான அட்டியின் உச்சியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் சீட்டு ஆடினார்கள். மூன்று பேர் மேலே, ஒரு மூட்டை அசையவில்லை. ஜுமைலா வழக்கம்போல இரண்டு தும்மல் தும்மினாள். மூன்றாவது தும்மல் வருவதற்காக மூக்கைத் தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கீழ் வரிசையில் இரண்டு மூட்டை சேருகிற இடத்தின் மேல், மேல் வரிசை மூட்டையின் வயிறு இருந்தது. அதற்கு மேல் வரிசையில் மூட்டைகள் குறுக்கே கிடந்தன. அவள் கழுத்தை நிமிர்த்தி உச்சிவரை பார்த்தாள். ஒரு சேர்மானத்துக்கு நேர் மேலே இன்னொரு சேர்மானம் எங்கேயும் இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற அட்டி. தினமும் இதன் முன்னால் நின்று தும்மியிருக்கிறாள், ஒரு நாளாவது பார்த்ததில்லை. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

அத்தா ஒரு கண்ணைத் திறந்தார். “என்னடீ அப்படிப் பாக்குறே? பாம்பு கீம்பு இருக்கா?”

“ஒண்ணுமில்லத்தா. சோறு ஆறுது” என்று பாத்திரத்தை வைத்துவிட்டு ஓட்டம் பிடித்தாள். கடைவீதியில் கைவண்டிகளுக்கு நடுவில் புகுந்து ஓடினாள். ஒரு வண்டிக்காரர் திட்டியது பாதிதான் காதில் விழுந்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்க, “ஆளுக்கொரு துண்டு வேண்டாம். ஆளுக்கொரு அடுக்கு” என்றாள்.

மூன்று பேரும் விழித்தார்கள். அவள் துணிப்பையை வாங்கி வந்து, நிறம் பார்க்காமல் கட்டைகளை எடுத்து அட்டி போட்டுக் காட்டினாள். அழகருக்கு உடனே புரிந்துவிட்டது, அவன் வீட்டிலும் அதே வேலைதான். “அட, ஆமா” என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். வெங்கிட்டு விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். “அடுக்குக்கு முப்பது. அஞ்சு அடுக்கு. நாம நாலு பேர்தானே, அஞ்சாவது அடுக்கு யாரோடது?”

“எல்லார்தும்” என்றாள் கங்கா. அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

அதன் பிறகு நேரம் போனதே தெரியவில்லை. ஜுமைலா வைத்தாள், அழகர் கட்டைவிரலால் அழுத்தினான், கங்கா தரையோடு கண்ணை வைத்து எங்கே கோணுகிறது என்று பார்த்துத் தட்டினாள், வெங்கிட்டு எண்ணிக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் யார் வைக்கிறார், யார் அழுத்துகிறார் என்பதே மாறிப் போனது. ஒருவர் கை நீட்டும்போது அடுத்தவர் கையில் கட்டை தயாராக இருந்தது. டிக், டிக், டிக். மணி அடித்தபோது நாலு அடுக்கு முடிந்திருந்தது. இரண்டு கிலோவை வைத்துப் பார்த்தார்கள், பாலம் ஏனென்று கேட்கவில்லை. அழகர் பெஞ்சைச் சுற்றி இரண்டு முறை ஓடினான்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் பெரிய எடைக்கல்லையும் பக்கத்து மளிகைக் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தார். ஒரு கிலோ, இரண்டு கிலோ, கடைசியாக ஐந்து. முதல் குழுவின் பாலம் ஒன்றிலேயே போனது. இரண்டாவது குழு இரண்டில். டீச்சர் சுள்ளிக்கல் பையன்களின் பெஞ்சுக்கு வந்தபோது, கடைசி பெஞ்சில் நம் நாலு பேரும் ஐந்தாவது அடுக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வந்தார்கள். பையின் அடியில் வெங்கிட்டுவின் கை துழாவியது. பிறகு பையைத் தலைகீழாக்கி உதறினான். பிறகு பாலத்தை எண்ணினான். மறுபடி எண்ணினான்.

“நூத்தி நாப்பத்தாறு” என்றான். உச்சி அடுக்கின் நடுவில், கல் உட்கார வேண்டிய இடத்தில், நாலு கட்டை அளவுக்குப் பள்ளம் இருந்தது.

ஜுமைலாவின் கண் பென்சில் டப்பாவுக்குப் போனது. ஒன்று அவள் எடுத்தது. மூன்று எங்கே? இப்போது எடுத்துக் கொடுத்தால் நாலையும் இவள்தான் எடுத்தாள் என்பார்கள். கொடுக்காவிட்டால் குழு வெளியே. அவள் மற்றவர்களைப் பார்த்தாள். அழகர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கங்கா பாவாடை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து பெஞ்சில் சுள்ளிக்கல் பாலம் இரண்டு கிலோவைத் தாங்கியது, கைதட்டல் கேட்டது. டீச்சர் ஐந்து கிலோ கல்லை இரண்டு கையாலும் தூக்கினார். இன்னும் அரை நிமிஷம்தான். சொல்லாமல் இருப்பதைவிடச் சொல்லி அடி வாங்குவது தேவலை என்று தோன்றியதும் பென்சில் டப்பாவைத் திறந்து, வெள்ளைக் கட்டையை எடுத்துப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்தாள்.

“நான் ஒண்ணுதான் எடுத்தேன். அல்லா மேல சத்தியமா ஒண்ணுதான்” என்றாள்.

கங்கா பாவாடை ஓரத்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் கட்டை வந்தது. சோப்புப் போட்டுத் துவைத்து வெளுத்திருந்தாள், கஞ்சி வாசனைகூட அடித்தது. அழகர் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பை எடுத்தான், அதில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது. மூன்று பேரும் வெங்கிட்டுவைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் எண்ணிக்கொண்டே இருந்தவன் ரொம்ப மெதுவாகச் சட்டைப் பைக்குள் கை விட்டான். நீலக் கட்டை. எட்டுக் குமிழிலும் சந்தனப் பொட்டு. பூஜை அலமாரியில் வைத்திருக்கிறான்.

முதலில் சிரித்தது அழகர். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் மூக்கு வழியாகச் சத்தம் வந்தது. அப்புறம் நாலு பேருக்கும் அடக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரே பெஞ்சுக்கு அடியில் ஒரே நேரத்தில் தவழ்ந்து, நாலு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கொன்று திருடியிருக்கிறார்கள். “சீக்கிரம், சீக்கிரம்” என்றாள் ஜுமைலா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவளுடைய கட்டை பிடிக்க மாட்டேன் என்று வழுக்கியது. பளபளக்கட்டும் என்று மூன்று நாளாகத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தாள். கங்கா பிடுங்கித் தன் பாவாடையில் அழுத்தித் துடைத்துக் கொடுத்தாள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம். டிக், டிக், டிக், டிக். அதே நேரம் பக்கத்து பெஞ்சில் ஐந்து கிலோ கல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

டீச்சர் கல்லோடு வந்தார். “நூத்தம்பதும் இருக்கா?”

“உண்டு டீச்சர்” என்றான் வெங்கிட்டு. வாழ்க்கையில் எந்தக் கணக்கையும் அவன் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதில்லை.

ஒரு கிலோ. இரண்டு கிலோ. பாலம் அசையவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டு டீச்சர் ஐந்து கிலோவை நாலு கட்டைகளின் மேல் இறக்கினார். கையை மெதுவாக எடுத்தார். பாலம் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு, நூலளவு வளைந்து, நின்றது. நாலு பேரும் பெஞ்சுக்குக் கீழே படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே டீச்சர் எண்ண ஆரம்பித்தார், வகுப்பும் கூடவே எண்ணியது. ஒரு கட்டத்தில் சுள்ளிக்கல் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். எட்டு. ஜுமைலா மூச்சை விடவில்லை. ஒன்பது. அழகரின் கை அவள் தோளை நசுக்கியது. பத்து.

சத்தத்தில் ஓடே பெயர்ந்துவிடும் போலிருந்தது. யாரோ மேசையைத் தட்டினார்கள், யாரோ விசிலடித்தார்கள். வெளியே லீவு மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். டீச்சர் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். “பெட்டி ஆர் வீட்டுக்குப் போகுது? ஒரு பேரு சொல்லு, எழுதணும்.”

வாக்கியம் ஜுமைலாவிடம் தயாராக இருந்தது. எங்கள் வீடுதான் பள்ளிக்குப் பக்கம், டீச்சர். முதல் நாளிலிருந்து வாய்க்குள் வைத்திருந்தது, இப்போது நாக்கு நுனிவரை வந்தது. அவள் மற்ற மூவரையும் பார்த்தாள். அவர்கள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. வெங்கிட்டு கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் படகு மடித்துக்கொண்டிருந்தான்.

“தூக்காமலே போகுமான்னு பாக்கணும்” என்றான்.

படகைத் தரையில் வைத்து அவளிடம் தள்ளினான். கங்கா பாலத்தின் மறுபக்கம் போய், கன்னம் தரையில் பட, குப்புறப் படுத்துக்கொண்டாள். “சொல்லு மோளே” என்று மேலேயிருந்து டீச்சர் கேட்டார். ஜுமைலா படுத்தபடியே கன்னத்தை உப்பி ஊதினாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, சிமெண்டுத் தரையில் மெதுவாக நகர்ந்து பாலத்துக்கு அடியில் போனது. அதன் தலைக்கு மேல் ஐந்து கிலோ கல் இன்னும் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் கங்கா உதட்டைக் குவித்துக்கொண்டு, அது தன்னிடம் வந்து சேருவதற்காகக் காத்திருந்தாள்.